கோதண்டம் மீட்டர் பார்த்த 14-அ

செல்வராசு படியேறி வந்தால் தெருவுக்கே தெரியும். தேங்காய்த்திட்டு மீன் துறையில் ஏலம் கூறுகிற தொண்டை அது; வணக்கம் சொன்னாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த ஆள் சத்தமே இல்லாமல் வந்து வாசலில் நின்றார். "கோதண்டம் போயிட்டாரு டீச்சர்" என்றார். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். மீட்டர் பார்க்கப் போன வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஞாயிற்றுக்கிழமை பாதியில் விட்ட கதையை முடிக்காமல் எப்படி ஐயா போகலாம்?

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கருவடிக்குப்பத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தியில் அவருடைய அண்ணன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "தம்பி நல்லவன்தான். ஆனா பொழைக்கத் தெரியாதவன். தலை நரைச்ச பொறவும் தாயக்கட்டையை உருட்டிக்கிட்டுத் திரிஞ்சான்." இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அன்று தலையாட்டினீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஆனால் அந்த "ஆனா"வுக்குப் பதில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கோதண்டத்தின் அப்பா மில் தொழிலாளி. இவர் மின்சார ஆபீசில் மீட்டர் பார்ப்பவர். சைக்கிள், காக்கிப் பை, ஒரு டார்ச் விளக்கு. என் இன்ஸ்டிடியூட்டுக்கும் அப்படித்தான் வந்தார். மெயின் சுவிட்ச்சுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தைத் தொடச்சு வச்சிருக்காங்க. மீட்டர் பொட்டி மூலையை மட்டும் ஒருத்தரும் தொடைக்கிறதில்ல. வீட்டோட நெஜமெல்லாம் அங்கதான் டீச்சர் ஒட்டிக்கிட்டிருக்குது" என்றார். வெட்டிப் பேச்சு என்று நினைத்தேன்.

ஆட்டம் வந்தது மர்கரீத்தால். அவள் என் சிநேகிதி, ஆஸ்பத்திரி நர்ஸ், அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன்காரர். எண்பதுகளின் தொடக்கத்தில் பாரீசிலிருந்து வந்த உறவுக்காரர் ஒரு விளையாட்டுப் பெட்டியை அவளிடம் விட்டுப் போனார். ஒருவர் கதையை ஓட்ட வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச வேண்டும். இக்கட்டு வந்தால் பகடை தீர்மானிக்கும். ஞாயிறு மூன்று மணிக்கு, வகுப்பில்லாத என் இன்ஸ்டிடியூட்டில் மர்கரீத், செல்வராசு, மீட்டர் பார்க்க வந்து பழகிப்போன கோதண்டம், நான் என்று நாலு பேர் உட்கார்ந்தோம். மர்கரீத் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொன்னாள்: கோட்டை, குதிரைவீரன், தாடி வைத்த மந்திரவாதி. கோதண்டம் ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"இந்தக் கோட்டை எங்க இருக்குது மர்கரீத்?"

"எங்கயும் இல்ல. கற்பனை."

"அப்ப அதை அங்கயே வுடு. நம்ம ஊர்லயே, இன்னைக்கே, ரேஷன் கடை வரிசையில மாயம் இருந்துச்சுன்னா என்னா ஆவும்? அதை ஆடுவோம்."

அன்றிலிருந்து கதையை ஓட்டியவர் அவர். பெட்டியில் இருந்த பலமுகப் பகடை முதல் நாளே படியில் உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டதால், அவர் வீட்டுத் தாயக்கட்டை மேசைக்கு வந்தது. விதி ஒன்றே ஒன்று வைத்தார்: ஒவ்வொருவரும் அந்த வாரம் இந்த ஊரில் கண்ணால் பார்த்த ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதிலிருந்துதான் மாயம் பிறக்கும். ஒரு வாரம் நான் ஒன்றுமே பார்க்கவில்லை. வெள்ளைப் புறா கிள்ளையைப்போல் பேசியது என்று ஏதோ அளந்தேன். கோதண்டம் என் முகத்தைப் பார்த்தார். "இது பாத்தது இல்ல, நெனச்சது. எறங்கிப் போயி பாத்துட்டு வாங்க" என்றார். என் இன்ஸ்டிடியூட்டிலிருந்து என்னையே இறக்கிவிட்டார்! வயிறெரிய வெயிலில் நின்றேன். எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளாடு தேர்தல் போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. தலைவரின் முகம் முழுவதும் போய்விட்டது. வாய் மட்டும் மிச்சம். மேலே வந்து சொன்னேன். கோதண்டம் மேசையைத் தட்டினார். "அந்த வாய் இனிமே நெஜம் மட்டும்தான் பேசும்" என்றார். மூன்று ஞாயிறு அந்த வாயோடு மல்லுக்கட்டினோம். செல்வராசு சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தார்.

சும்மா விடுவார்களா? மாடியில் பில்லிசூனியம் நடக்கிறது, ஆணும் பெண்ணும் சேர்ந்து சூதாடுகிறார்கள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. ஒரு ஞாயிறு பத்துப் பேர் கீழே கூடி நின்றார்கள். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். கோதண்டம், "எதுக்கு? ஒளிச்சு வைக்க நாம என்னா திருடினோம்?" என்று கேட்டார். செல்வராசு ஜன்னலில் தலையை நீட்டி ஏலக் குரலில் கத்தினார்: "ஆமாய்யா, மாயந்தான் பண்றோம்! வேணும்னா மேல வாங்க, எடம் இருக்குது!" மர்கரீத் "மோன் தியே! கடவுளே!" என்று தலையில் கைவைத்தாள். ஒருவரும் மேலே வரவில்லை.

பிறகுதான் 14-அ. வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன ஒரு வீட்டில் மீட்டர் மெல்ல ஓடிக்கொண்டிருப்பதைக் கோதண்டம் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவர் கட்டிய வீடு அது: பதினான்காம் எண்ணுக்கும் பதினைந்துக்கும் நடுவே, தேடினால் தெரியாத வீடு. அதன் மீட்டர் பின்னோக்கி ஓடும். ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு மறந்துபோன ஒன்று திரும்ப வரும். இதை அவர் குறித்துக்கொண்டபோது வெயிலில் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். பையில் ஒரே அளவில் இரண்டு நோட்டுகள். கதை நோட்டு என்று நினைத்து ஆபீஸ் நோட்டில் எழுதிவிட்டார்: "14-அ. மீட்டர் பின்னோக்கி ஓடுகிறது. வீட்டார் நலம்."

ஆபீசில் ஒரு லைன்மேனை அனுப்பினார்கள். இரண்டு நாள் வீடு வீடாகக் கேட்டுவிட்டு அவர் திரும்பி வந்து, அப்படி ஒரு வீடு முன்பு இருந்தது என்று மூன்று பேர் சொல்வதாக எழுதிக் கொடுத்தார்! மேலதிகாரிக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? மன்னிப்புக் கடிதம் கேட்டார். என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொல்லிவிட்டார். கோதண்டத்துக்கு வேலை போய்விடும் என்ற பயத்தில் அதை டைப் அடித்துக் கொடுத்தவள் நான். கடைசி இரண்டு வரிகள் இவை: "நான் எழுதியது முழுப் பொய். இனி இந்த விளையாட்டில் ஈடுபட மாட்டேன்."

"கையெழுத்துப் போடுங்க கோதண்டம். வீட்டுல அடுப்பு எரியணும்" என்று கெஞ்சினேன்.

"தப்பான நோட்டுல எழுதினேன், அதுக்கு ஆயிரம் மன்னிப்பு கேக்கறேன். பொய்யின்னு எதுக்கு எழுதணும்? பொய்யின்னா ஒருத்தனை ஏமாத்தணும். நான் யாரை ஏமாத்தினேன் டீச்சர்?"

என் பேனாவையே வாங்கி அந்த இரண்டு வரிகளையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். மிச்சத்துக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அவரைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம். பிழைக்கத் தெரியாதவர் என்று அண்ணன் சொல்வது இதைத்தான். அந்த இரண்டு வருடமும் ஞாயிறு விடிவதற்குள் பஸ் ஏறி, மூன்று மணி ஆட்டத்துக்கு வந்து, ஆறு மணிக்குத் திரும்பிப் போனார். "பஸ்ஸுல வந்தா பாக்கறதுக்குப் பஞ்சமா?" என்பார். மழைக்காக ஒரு நாள்கூட அவர் நின்றதில்லை. எத்தனை பேருக்கு இப்படிப் பிழைக்கத் தெரியும், சொல்லுங்கள்.

காரியத்தன்று கை கழுவப் போனபோது அவர் வீட்டு மீட்டர் பெட்டியைப் பார்த்தேன். ஒட்டடை இல்லை, தூசி இல்லை. பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார். இந்த வாரத்துக்கு நான் பார்த்தது அதுதான். ஞாயிறு மூன்று மணிக்கு நாங்கள் மூவரும் உட்காருகிறோம். கதையை நான் ஓட்டுகிறேன். ஜன்னல் திறந்திருக்கும்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது ஒரே ஒரு தாள். எதை டைப் அடித்தாலும் கார்பன் வைத்து அடிப்பது என் பழக்கம். அந்தக் கடிதத்தின் நகல் இத்தனை வருடம் என் மேசை டிராயரில் கிடந்தது. அசலில் அவர் அடித்த இரண்டு வரிகளும் அதில் அடிபடாமல், நான் டைப் செய்த அழகான எழுத்தில், அப்படியே நின்றன. எனக்கு அது வெட்கம், யாரிடமும் காட்டியதில்லை. நேற்று எடுத்தேன். அன்று அவர் என்னிடம் வாங்கிய அதே பேனாவால் அந்த இரண்டு வரிகளையும் அடித்தேன். கீழே என் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.