வீட்டுச் சாப்பாடு, ஹோட்டல் சாப்பாடு

நான் அரிசிம்பருப்பு சாதம் செய்யும் நாளெல்லாம் கணவர் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "ஏன் அம்மணி, இன்னைக்கும் இதுதானா?"

இன்று மதியம் எங்கள் நாலு வயது மகளை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு, ஆர்.எஸ்.புரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஹோட்டலுக்குப் போனார். வாசலில் 'வீட்டுச் சாப்பாடு' என்று பெரிய போர்டு.

இலையில் வந்தது அதே அரிசிம்பருப்பு சாதம். மேலே ஒரு கரண்டி நெய்.

கணவர் கண்ணை மூடி ரசித்தார். "இதுதானுங்க சாப்பாடு" என்று சர்வரிடம் சொல்லி மறுபடியும் வாங்கிக்கொண்டார்.

மகள் சர்வரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க ஊட்ல நானும் அம்மாவும் இதத்தான் செய்வமுங்க. நாந்தான் வெங்காயம் உரிப்பேன். அப்பா வேண்டாம்பாருங்க."

சர்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளிடமே கேட்டார். "அப்பாவுக்கு இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுமா கண்ணு?"

கணவர் இலையை மடித்துவிட்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைக்கும்போது, "என்ன இருந்தாலும் அவங்க கைப்பக்குவம் வேற அம்மணி" என்றார்.

அதனால் நாளை முதல் எங்கள் வீட்டு வாசலில் 'ஹோட்டல் சாப்பாடு' என்று ஒரு போர்டு மாட்டப்போகிறேன். ஹோட்டலுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று, இந்த மடலைப் படிக்கும் நீங்கள் பதில் மடலில் சொல்லுங்கள். மகள் இப்போதே வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.