ரோபோவுக்கு நகப்பூச்சு

விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆளைக் கண்டால் ரோபோக் குழுவையும் அவர் தலையில் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டப்பட்ட தலைகளே, என் அதிர்ச்சிகளையும் கொஞ்சம் கேளுங்கள்.

எல்லாரும் என்றால் எல்லாரும்

குச்சவெளிப் பக்கம் எங்கள் பாடசாலை. விரும்பி வருகிற எந்தப் பிள்ளையையும் குழுவில் சேர்க்க வேண்டும் என்று அதிபர் சொன்னபோது தலையாட்டினேன். அடுத்த நாள் வந்து நின்றவள் ஒன்பதாம் வகுப்புச் சுகன்யா. ஒரு வரி வாசிக்க அவளுக்குக் கால் மணி நேரம் வேண்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மிஸ், அந்தப் பிள்ளைக்கு வாசிக்கவே ஏலாது" என்று அதிபரிடம் ஓடினேன். அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்கள் செய்யிறது ரோபோ தானே சேர், பத்திரிகை இல்லையே?"

சிவப்பு, பச்சை, வெள்ளி

ரோபோவில் இருபது வயர், எல்லாம் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று சின்னத் தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். ஒரு நாள் காலை ஆய்வுகூடத்தைத் திறந்தால் ஒரு தாளையும் காணோம். வயர் நுனியெல்லாம் நகப்பூச்சு. சிவப்பு, பச்சை, வெள்ளி. சிலதில் இரண்டு புள்ளி, சிலதில் மூன்று. எந்த நிறம் எங்கே போகும் என்பது சுகன்யாவின் தலைக்குள் மட்டும். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. அவள் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"எனக்கு எழுத்து ஓடிப்போகுது சேர். நிறம் எண்டா நிக்குது."

ஐந்து பெயர்

அந்த மாதம் ரோபோப் போட்டி வந்தது, குழுவுக்கு ஐந்து பேர்தான். அந்தக் கோபத்தில் படிவத்தில் வேறு ஐந்து பேரை எழுதி, அவளை விட்டுவிட்டேன். தாள்களைத் திருப்பி ஒட்ட நேரம் இருக்கவில்லை. ஐவரும் அவளைக் கேட்டுக் கேட்டே வயர்களை இணைத்தார்கள். போட்டியன்று, பார்த்துவிட்டு வரட்டும் என்று அவளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள மண்டபத்தில் ரோபோப் பெட்டியைத் திறந்தேன். கரையோர வீதிக் குலுக்கலில் வயரெல்லாம் கழன்று இடியப்பமாகக் கிடந்தது. ஐவரும் சுகன்யாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஓரடி முன்னால் வைத்தாள். நடுவர் அம்மா கையை நீட்டி மறித்தார். பட்டியலில் பெயர் இல்லாதவர் தொடவும் கூடாது, சொல்லிக்கொடுக்கவும் கூடாது; வேண்டுமானால் ஒருவரை எடுத்துவிட்டு இவளைப் போடலாம்.

பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். அவளை அங்கே நிறுத்தியது என் கோபம்தான் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. யாரை வெட்டுவது? பேனா முனை ஐந்து பெயர்களிலும் மாறி மாறிப் போய் வந்தது. குழுத் தலைவன் அஸ்லம் தன் கழுத்து அட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான்.

"என்ட பேரை வெட்டுங்கோ சேர். நாங்க அஞ்சு பேரும் நல்லா வாசிப்பம், வேற என்ன தெரியும்?"

அன்று ரோபோ கடைசிக் கோடு வரை ஓடியது. நானும் நகப்பூச்சு நாலு குப்பி வாங்கி வைத்திருக்கிறேன், எந்த நிறம் எங்கே போகும் என்று மட்டும் இன்னும் சுகன்யாவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.