காத்தவராயன் சொன்ன கருத்து

கோவளம் கடற்கரையில் முப்பது வருஷமாக மீன் ஏலம் விடும் காத்தவராயனுக்கு ஒரு வியாதி உண்டு. காதில் ஓர் எண் விழுந்தால் அதை ஏற்றிவிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரி டாக்டர், "சர்க்கரை இருநூத்தி எண்பது" என்றபோது, "முந்நூறு கேக்கறவங்க யார்னா கீறீங்களா?" என்று பின்னால் இருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தவர் அவர்.

போன மாதம் கருத்துக் கணிப்புக்காக வினிதா என்ற பெண் மீன் கூடைகளுக்கு நடுவே வந்து நின்றாள்.

"அரசு ஆஸ்பத்திரிய தனியாருக்குக் குடுத்துடலாமா? பத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க? பத்துன்னா முழுச் சம்மதம்."

காத்தவராயனுக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாத்துக்குத் தனியாரு? மாத்திர அங்கதான் சும்மா குடுக்கறாங்க. ரெண்டு போட்டுக்கம்மா!"

மீன் வாங்க நின்ற பூங்கொடிக்கு, கேள்வி இன்னதென்றே தெரியாது. எண் மட்டும்தான் கேட்டது. "மூணு!" என்றாள். அவளுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாதென்று பக்கத்துக் கூடைக்காரி, "நாலு!" என்றாள். காத்தவராயனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"நாலு, நாலு... கேளு தாயி, கேளு!"

ஆறு, எட்டு, ஒன்பது என்று ஏறியது.

"பத்து! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

வினிதா பத்து என்று எழுதிக்கொண்டு நன்றி சொன்னாள்.

"ரெண்டுல ஆரம்பிச்சு பத்துல முடிச்சேன் பாத்தியா!" என்று பூங்கொடியிடம் பெருமையடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சர்க்கரை மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார் காத்தவராயன்.