அப்பா கொடுத்தனுப்பிய தண்ணீர்

சிரிப்பு வாயு என்று அதற்குப் பெயர் வைத்த மகராசன் ஒரு பிரசவ அறையிலும் நின்று பார்த்திருக்க மாட்டான். அங்கே யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. நாங்கள் எல்லோரும் அதை ‘காஸ்’ என்றுதான் சொன்னோம். அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் என் முதல் பிள்ளையைப் பெறப் போன சின்ன ஆஸ்பத்திரிக்கு, பிரசவ வலியை மட்டுப்படுத்த அது புதிதாக வந்திருந்தது. ஓர் இரும்பு உருளை, அதிலிருந்து ரப்பர் குழாய், குழாயின் நுனியில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ஒரு மூடி. அவ்வளவுதான்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். எனக்குத் தாய்வீடு இருந்தது, தாய் இல்லை. எனக்கு விவரம் தெரிவதற்குள் அடுத்த பிரசவத்தில் அம்மா போய்விட்டாள். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அப்பா அவளைப் பற்றிப் பேசவே மாட்டார். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் ஒரு மனுஷன் பேசாமல் இருப்பது வெளியே தெரியாது. அம்மா எப்படிப் பேசுவாள், என்னை என்னவென்று கூப்பிடுவாள் என்று கேட்டால், “வேலை கெடக்குது, போம்மா” என்று தறிக்குழியில் கால்களை இறக்கிவிடுவார். முகம் போனால் போகட்டும், குரலாவது காதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். என் வயிற்றில் ஒன்று வந்த பிறகு அந்த ஏக்கம் தினசரி ஆகிவிட்டது.

வளைகாப்பு முடிந்ததும் அப்பாதான் என்னை அழைத்து வந்தார். கஷாயம் வைத்தார், கால் வீங்கினால் வெந்நீர் ஊற்றினார். தெருப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. மருத்துவச்சியைக் கூப்பிடலாமா என்று ஒருத்தி கேட்டபோது மட்டும் அப்படிக் கத்தினார், நெய்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் தென்னேரிப் பக்கத்துக்காரர். நடுவயது, வாய் கொஞ்சம் காரம். குழாயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“இந்தாம்மா, மூடிய நீயேதான் புடிச்சிக்கணும், வேற யாரும் புடிக்கக் கூடாது. வலி கெளம்புதுன்னு தெரிஞ்சதுமே வெச்சி நல்லா இழு. அசந்துபோனா கை தானா கீழ வுழும். வுழுந்தா வுழட்டும், அப்பத்தான் காத்து உள்ள போவும்.”

வலி உச்சிக்கு ஏறிய பிறகு இழுத்தால் பிரயோஜனமில்லை. தயங்கித் தயங்கி முதலில் கோட்டைவிட்டேன். அப்புறம் பிடிபட்டது. ரப்பர் வாடை, அதற்கு அடியில் லேசான தித்திப்பு. வலி போய்விடவில்லை, பக்கத்து வீட்டில் யாருக்கோ வலிப்பது போல ஆயிற்று. விரல் நுனியெல்லாம் மரத்தது. காதில் ஒரு ரீங்காரம். அந்த ரீங்காரத்துக்கு நடுவில்தான் கேட்டேன், என் இடது காதோரம், ஒரு பெண்ணின் குரல்.

“கண்ணு, இங்க பாரு. பயப்படாத. நான் இங்கதான இருக்கேன்.”

யாருடைய குரல் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிள்ளை பிறந்ததும் நான் அழுததை எல்லோரும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். சந்தோஷம்தான், ஆனால் பிள்ளைக்காக மட்டும் இல்லை.

மறுநாள் பார்க்க வந்த அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். “காஸ் புடிக்கும்போது அம்மா வந்துச்சுப்பா. எங்கிட்ட பேசிச்சு.”

பைத்தியமா என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தண்ணி கேட்டாளா?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லை என்றேன்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பதை இரண்டாவது முறை நான் பிள்ளை பெற வந்தபோதுதான் சொன்னார். அம்மாவுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. தண்ணி, தண்ணி என்று கேட்டிருக்கிறாள். பச்சை உடம்பு, தண்ணி கொடுத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று சுற்றி நின்ற பெண்கள் தடுத்துவிட்டார்கள். அந்த நாளில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அப்பா கதவுக்கு வெளியே கையில் சொம்போடு நின்றிருக்கிறார்.

“உள்ள போயி குடுத்திருக்கலாம்மா. ஆம்பள உள்ள போவக் கூடாதுன்னு சொன்னாங்க, நின்னுக்கினே இருந்துட்டேன்.”

எனக்கு வலி எடுத்த அன்று அப்பா ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மேலே வாழையிலைத் துண்டு, அதைச் சுற்றி நூல் கட்டு. சேலை மடிப்பவர் கட்டுகிற கட்டு, அவ்வளவு சுத்தம்.

“உங்கம்மா வந்தா குடும்மா” என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், நானும் அவள் வருவாள் என்றுதான் போனேன். வலிக்குப் பயந்து அல்ல, அந்தக் குரலுக்காகத்தான் காஸ் கேட்டேன். அதே நர்ஸ். சொம்பைப் பார்த்து, “இங்க தண்ணி இல்லன்னு ஒங்கப்பா நெனச்சாரா?” என்று முணுமுணுத்துவிட்டு ஓரமாக வைத்தார்.

மூடியை வாங்கி வெறிபிடித்தவள் போல இழுத்தேன். ரீங்காரம் வந்தது. குரல் வரவில்லை. வலி இல்லாத நேரத்திலும் இழுக்கப் பார்த்தேன். நர்ஸ் என் கையில் ஓர் அடி போட்டார். பிள்ளைக்கு அவசரம். தலை தெரிந்ததும் குழாயைப் பிடுங்கிக்கொண்டார். “போதும், இப்ப நீ முக்கணும்.” சிறிது நேரத்தில் எனக்கு மயக்கம் தெளிந்து, வலி முழுசாக என் வீட்டுக்கே வந்துவிட்டது. அப்போது என் இடது காதோரம் குனிந்து, அந்தக் காரமான மனுஷி சொன்னார்:

“கண்ணு, இங்க பாரு. பயப்படாத. நான் இங்கதான இருக்கேன்.”

அதே வார்த்தை. அதே குரல். கடைசி நேரத்தில் எல்லாப் பெண்களுக்கும் அவர் அதைத்தான் சொல்வார் போலிருக்கிறது.

மகள் பிறந்தாள். எனக்குத் தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. நர்ஸ் நூலைப் பிரித்து, என் தலையைத் தூக்கி, சொம்பை வாயில் வைத்தார். நிறுத்தாமல் குடித்தேன்.

கூடத்துக் கட்டிலுக்கு என்னைக் கொண்டுவந்தபோது அப்பா பிள்ளையைப் பார்க்கவில்லை, காலிச் சொம்பைப் பார்த்தார்.

“குடிச்சாளா?”

“குடிச்சிச்சுப்பா. ஒரு சொட்டு வெக்கல.”

அத்தனை பேர் நடுவில், தரையில் உட்கார்ந்து அழுதார். இந்தப் பொய்க்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

அன்றிலிருந்து அப்பா பேச ஆரம்பித்தார். நெய்துகொண்டே பேசுவார், சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். அம்மா கோபம் வந்தால் என்ன சொல்வாள், என்னைத் தூங்கவைக்க என்ன சொல்வாள், காய்காரியிடம் எப்படிச் சண்டை போடுவாள், என்னை ‘ராசாத்தி’ என்றுதான் கூப்பிடுவாள், எல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு ஏக்கம் குறையவில்லை, கூடியது. அம்மாவின் பேச்சு முழுக்க எனக்குக் கிடைத்துவிட்டது. அத்தனையும் அப்பாவின் குரலில்.