கீரி வாசல்

வரைபடத்தில் நான் பச்சை நிறம் நிரப்பிக்கொண்டிருந்த இடத்தில் நிஜத்தில் ஒரு புல்கூட இல்லை. அது உறைத்த நொடியில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

விழுப்புரத்தில் ஒரு கடைக்கு மேலே இருந்த மாடி அறைதான் எங்கள் ரியல் எஸ்டேட் அலுவலகம். தாவரவியல் பட்டம் வாங்கிவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்துகொண்டிருந்த நிலத்தை முதலாளி வாங்கி மனை பிரித்திருந்தார். பெரிய நகர் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு ரோடு, இரண்டு பக்கமும் மனைகள், கிழக்கே குறுக்காகக் கடைசி வரிசை, அவ்வளவுதான். பூங்கா என்று நாங்கள் ஒதுக்கியது நடுவிலிருந்த ஒரு செவ்வகம். அதைச் சுரண்டிக் கிராவல் கொட்டி, சிமென்ட் பெஞ்சு ஒன்றும் போட்டாயிற்று.

முந்தின நாள் நேரில் போனபோது நான் பார்த்தது வேறு. கடைசி வரிசைக்குப் பின்னால் நொச்சியும் காட்டாமணக்கும் பின்னிக்கிடந்த பழைய வேலி. அதன்மேல் கோவைக்கொடி படர்ந்து சிவப்புச் சிவப்பாகப் பழுத்திருந்தது. வேலி முடியும் மூலையில், மழைத் தண்ணீர் வந்து நிற்கும் ஒரு குட்டை. குட்டையின் மேல் சாய்ந்த ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடிக்கொண்டிருந்தன. வரைபடத்தில் அந்த மூலைக்கு நிறமே கிடையாது. 'நிரவ வேண்டியது' என்று மட்டும் எழுதியிருந்தது.

பச்சையை அங்கே கொண்டுபோனால் என்ன? செடி நட்டுப் பூங்கா உண்டாக்குவதைவிட, இருக்கிற பூங்காவுக்குப் பக்கத்தில் வீடு கட்டலாமே. அன்று மதியம் சாப்பாட்டை மறந்து வரைபடத்தைத் திருத்தினேன். கடைசி வரிசையைச் சற்று முன்னால் தள்ளி, வேலிக்கும் மனைக்கும் நடுவே ஒரு நடைபாதை விட்டேன். குட்டைதான் பூங்கா. ரோட்டில் விழும் மழை வழிந்து குட்டைக்குப் போகிற மாதிரி சரிவு. ரோட்டோரம் புங்கன், வேம்பு, நாவல். தள்ளியதில் போன இடத்துக்கு ஈடாக, நடுவில் ஒதுக்கிய செவ்வகம் மனைகளாகிவிட்டது. ஆக, மனைக் கணக்கில் முதலாளிக்கு நஷ்டமே இல்லை. பிரிண்ட் எடுத்து அவர் மேசையில் விரித்தேன்.

முதலாளி கெட்டவரில்லை. பசுமை என்றால் அவருக்கு மனைக்கு ஒரு தேக்கங்கன்று இலவசம். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, குட்டையக் காட்டி எவனாவது மனை வித்திருக்கானா? கடைசி வரிசை விக்காம கெடக்குறதே அந்தப் பள்ளத்தாலதான்."

விற்கும் என்றேன். தேனீ, பட்டாம்பூச்சி, நிலத்தடி நீர் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு கெடு வைத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்களை வேனில் கூட்டிப்போகிறோம். அன்றைக்குள் கடைசி வரிசையில் யாராவது ஒருவர் மனை எடுத்தால் குட்டையும் வேலியும் இருக்கட்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை ஜேசிபி.

ஞாயிறு வந்தது. வேனும் வந்தது. மனைக் கற்களுக்கு மஞ்சள் பெயிண்ட், கலர் கொடிகள், ஷாமியானா, தக்காளி சாதப் பொட்டலம் என்று வழக்கமான திருவிழா. கடைசி வரிசையைக் காட்டும் பொறுப்பு என்னுடையது. ஆட்களை அழைத்துப்போய்க் குருவிக்கூட்டைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தார்கள், அழகு என்றார்கள், செல்போனில் படம்கூட எடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் வேலியைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"பாம்பு வருமாம்மா?"

வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயல்காட்டில் பாம்பு இல்லாமல் இருக்குமா? வரும், ஆனால் அதுபாட்டுக்குப் போய்விடும் என்றேன். அந்த 'ஆனால்' யார் காதிலும் ஏறவில்லை. ஒரு குடும்பம் பாதி வழியிலேயே திரும்பி நடந்தது. கூடவே வந்த முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ மனை விக்க வந்தியா, பாம்பு விக்க வந்தியா? நீ பேசிக்கினே இருந்தா முன் வரிசைக்காரனும் ஓடிப்போயிடுவான். செம பேஜாரு உன்னோட."

ஜேசிபி டிரைவர் முந்தின நாளே வண்டியைக் கொண்டுவந்து ரோட்டு முனையில் போட்டிருந்தார். அதன் படியில் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நான் கடக்கும்போது, குருவிக்கெல்லாம் நோட்டீஸ் குடுத்தாச்சா மேடம் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேன் கிளம்ப ஹாரன் அடித்தாயிற்று.

மிச்சமிருந்தது திண்டிவனத்திலிருந்து தாங்களாகவே டிவிஎஸ் 50இல் வந்திருந்த ஒரு தம்பதி. இருவருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஞாயிறு பூசை முடித்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாக வந்திருந்தார்கள். அந்த அம்மாவின் கழுத்தில் மாதா சுரூபம். முன் வரிசையெல்லாம் பார்த்துவிட்டு, எதிலும் மனசு நிற்காமல், கடைசியாக வேலிப் பக்கம் வந்தார்கள். நான் வேலிக்கு முதுகு காட்டாமல் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஆரம்பித்தேன். முதலாளி என்னை நம்பாமல், எங்களுக்கு எதிரே வேலியோரமாகவே நின்றுகொண்டார்.

அந்த அம்மா வாயைத் திறந்தார். அதே கேள்விதான் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வரவில்லை. காட்டாமணக்குத் தூருக்குள்ளிருந்து ஒரு கீரி தலையை நீட்டியது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல, உடம்பை நீட்டிக்கொண்டு எங்களுக்கும் முதலாளிக்கும் நடுவில் குறுக்காக ஓடிக் குட்டைப் பக்கம் இறங்கி மறைந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் கீரி குறுக்கே போனால் நினைத்த காரியம் நடக்கும் என்பார்கள். இடமிருந்து வலம் போனால் இன்னும் விசேஷம். எங்களுக்கு அது இடமிருந்து வலம். எதிரே நின்ற முதலாளிக்கு வலமிருந்து இடம். அவர் ஒரு நொடி யோசித்தார். அப்புறம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜல்தியாகச் சுற்றிவந்து எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டார். நானும் இந்தப் பக்கந்தானே இருந்தேன் என்பது போன்ற முகம். எனக்கு வந்த சிரிப்பைத் துப்பட்டாவில் அடக்கினேன்.

"நாங்க வேதக்காரங்க சார், சகுனம்லாம் பாக்கறதில்ல" என்றார் கணவர், முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு.

"சகுனத்த உடுங்க" என்றார் அந்த அம்மா. அவர் கண் இன்னும் வேலியின் மேலேயே இருந்தது. "கீரி குடியிருக்கிற வேலியில பாம்பு எப்படிங்க தங்கும்? நம்ம கோயில் தெருவுல வேலியா இருக்கு? போன மாசம் பாத்ரூம்ல பாம்பு வந்துச்சா இல்லியா? அங்க கீரி இல்ல, அதான் வந்துச்சு. எனக்கு இந்த மனைதான் வேணும்."

கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆண்டவரே கீரியை அனுப்பினால் நாம் என்ன பண்ணுவது என்றார். அட்வான்ஸ் அங்கேயே, டிவிஎஸ் 50 சீட்டின் மேல் வைத்து எழுதப்பட்டது.

காலையிலிருந்து நான் தேனீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்டது பாம்பைப் பற்றி. அதற்குப் பதில் அந்த வேலிக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது. எனக்குத்தான் அது தோன்றவில்லை.

திரும்பும் வழியில் முதலாளி யாருக்கோ போன் போட்டு, கடைசி வரிசையில கீரி நடமாட்டம் இருக்குது, எடம் அப்படி என்று சொல்லிக்கொண்டு வந்தார். வரிசை முழுக்கச் சீக்கிரமே போய்விட்டது. திங்கட்கிழமை ஜேசிபி வேலை செய்தது, ஆனால் என் வரைபடப்படி: குட்டையை ஆழப்படுத்திக் கரை போட்டது. டிரைவர் ஈச்சமரத்துக்கு எட்டவே வண்டியை நிறுத்திக்கொண்டு, நோட்டீஸ் கேன்சல் மேடம் என்றார்.

வீடு கட்டும்போது டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். காம்பவுண்டுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கீரி எப்படி உள்ளே வந்துபோகும் என்பது அவர் கவலை. சுவரடியில் இரண்டு செங்கல் வைக்காமல் இடைவெளி விடச் சொன்னேன். கொத்தனார் அதைக் கீரி வாசல் என்று கேலி பண்ணினார். கேலி நிலைத்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் எங்களுக்கும் கீரி வாசல் வைங்க என்றார், அதற்கடுத்தவரும் வைத்தார். அந்த வாசல்களில் கீரி மட்டுமா போகிறது? தவளை போகிறது, ஓணான் போகிறது, மழைத் தண்ணீரும் தேங்காமல் குட்டைக்குப் போய்ச் சேர்கிறது. ஐப்பசி மழையில் தவளைகள் தூங்கவிடுவதில்லை என்று ஒருவர் முதலாளியிடம் புகார் கொடுத்தார். முதலாளி அவரிடம், காசு குடுத்து கச்சேரிக்குப் போறீங்க இல்ல, இது ஃப்ரீயா கேட்டுக்கினு படுங்க என்று சொன்னாராம். இதை டீச்சரம்மாவே எனக்குச் சொன்னார். நாவல் கன்றுகள் அவர் தோள் உயரத்துக்கு வந்துவிட்டன.

போன வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டுப் புதிய நிலத்தின் வரைபடத்தை விரித்தார். கோலியனூருக்கும் வளவனூருக்கும் நடுவில், கரும்புக்கொல்லை ஒன்று. குறுக்கே ஒரு பழைய வாய்க்கால் போகிறது. கரையெல்லாம் தாழை. வாய்க்காலை ஓரமாகத் திருப்பிக் குழாயில் விட்டுவிட்டால் ரோடு நேராக வரும் என்பது சர்வேயர் யோசனை.

"இன்னாம்மா சொல்ற? இங்கயும் எதுனா வெச்சிருக்கியா?" என்று கேட்டார் முதலாளி.

ரோட்டைத் திருப்பலாம் சார், வாய்க்கால் அப்படியே இருக்கட்டும் என்றேன். வளைந்த ரோட்டில் எவன் மனை வாங்குவான் என்றார். ஆனால் இந்த முறை கெடு எதுவும் வைக்கவில்லை. முதலில் ஆட்களின் கேள்வி என்னவாக இருக்கும் என்று நான் பார்த்தாக வேண்டும். கொசுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அதற்குப் பதில் அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே நீந்திக்கொண்டிருக்கிறதா என்று தெரிய வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வளவனூர் போகிறேன், கையில் ஒரு கொசுவலைத் துண்டும், கொசுப்புழு தின்னும் மீன் கிடைத்தால் போட்டுப் பார்க்க ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும்.