முன்னால் போன கார்

அந்தத் தெருவில் அவளைக் கர்ட்டன்காரம்மா என்றால்தான் தெரியும். கடை சின்னது, வேலை பெரும்பாலும் அடுத்தவர் வீடுகளில். ஜன்னலை அளந்து வருவாள், துணி வெட்டித் தைப்பாள், ஏணியை வேனில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவாள். கம்பி பொருத்தியதும் இரண்டு கையாலும் பிடித்து ஒரு தொங்கு தொங்கிப் பார்ப்பாள்.

"ஏம்மா, திரை மாட்டுறீங்களா, ஊஞ்சல் கட்டுறீங்களா?" என்று வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

வீட்டில் நாலு பிள்ளைகள். இரண்டு அவள் பெற்றது, இரண்டு அவள் அக்கா பெற்றது. அக்கா இறந்துபோனபோது மூத்தவளுக்கு நாலு வயது, தம்பி கைக்குழந்தை. அக்கா வீட்டுக்காரர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். அப்புறம் வேறு ஊர், வேறு குடும்பம் என்று ஒதுங்கிவிட்டார். நாலும் ஒரே கட்டிலில் அடித்துப் பிடித்துக்கொண்டு வளர்ந்தன. ஆறு பேர் உட்கார வேண்டுமே என்று, கப்பல் மாதிரி ஒரு பழைய காரும் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அந்த விடுமுறைக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு எடுத்துத் தங்குவதாக முடிவானது. சைக்கிள் இல்லாமல் வரமாட்டோம் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"அதுக்கென்ன, சைக்கிள் ஏத்த காருக்குப் பின்னாடி ஒரு கேரியர் மாட்டிட்டாப் போச்சு" என்றார் அவள் கணவர். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"மேல கட்டிக்கலாமே" என்றாள்.

"அவ்வளவு உயரத்துக்கு யாரு தூக்குறது? வேணாம்னா சொல்லு, வேணாம்."

"பசங்க ஆசைப்படுது. நானே போய்ப் பார்க்கிறேன்."

பல வருஷங்களுக்கு முன்னால், அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவள் கார் ஓட்டிய ஒரு காலைப் பொழுது. நல்ல வெயில், நல்ல ரோடு. முன்னால் போன காரின் முதுகில் மூன்று சைக்கிள்கள். கடைசியாக இருந்தது குழந்தைகள் ஓட்டும் சின்னது, கூடை வைத்தது. ஒரு வார் அவிழ்ந்து காற்றில் படபடத்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். "ஹாரன் அடிடி" என்றாள் அக்கா. அவள் கை போவதற்குள் அந்தச் சின்ன சைக்கிள் ரோட்டில் குதித்து, உருண்டு, நேரே வந்தது. அவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள். மரம் அக்கா பக்கத்தில் இருந்தது.

முன்னால் போன கார் வளைவில் திரும்பி மறைந்ததை அவள் பார்த்தாள். அது நிற்கவில்லை. சைக்கிளைத் தேடியும் யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு சைக்கிள் ஏற்றிய கார் எதைப் பார்த்தாலும் ஓரங்கட்டி நின்றுவிடுவாள். கனவில் அந்தக் கார் எங்கோ ஒரு வாசலில் போய் நிற்கும். ஒரு குடும்பம் இறங்கும். ஒரு சின்னப் பெண் பின்பக்கம் ஓடி வந்து, "என் சைக்கிள் எங்க?" என்று கேட்கும். அந்த அப்பா அம்மா ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தெரியும். அங்கேதான் அவள் விழித்துக்கொள்வாள்.

கேரியர் விற்கும் கடைக்கு அக்காவின் மூத்தவளும் கூட வந்தாள். கடைக்காரர் முதலில் காட்டியது, பின் கதவில் வார் போட்டுக் கட்டுவது.

"எந்தக் காருக்கும் சேரும்மா. மடிச்சு உள்ள போட்டுக்கலாம்."

"வார் அவிழ்ந்தா?"

"சரியாக் கட்டினா அவிழாதும்மா."

"சரியாக் கட்டலேன்னா?"

அவர் அதை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு வேறொன்றை இழுத்து வந்தார். காருக்கு அடியில் பொருத்தும் இழுவைக் கொக்கியில் உட்காரும் தட்டு. ஒவ்வொரு சைக்கிளுக்கும் சக்கரம் இறங்கத் தனிப் பள்ளம், நடுச்சட்டத்தைக் கவ்விப் பூட்டும் கை, தட்டின் விளிம்பில் சிவப்பு விளக்குகள்.

"பின்னாடி வர்றவங்களுக்கு நம்ம பிரேக் தெரியணும் பாருங்க" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். கவ்வும் கையைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினாள். ஒரு முறை அல்ல.

கொக்கி மாட்டும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சித்தி, இதுக்கும் எங்க அம்மாவுக்கும் ஏதோ இருக்கு. என்ன?"

அவள் சொன்னாள். இத்தனை காலம் தொண்டையிலேயே நின்றதெல்லாம் கடகடவென்று வந்துவிட்டது. பெண் அழவில்லை. "நீங்க ஓட்டும்போதே தூங்கிட்டீங்கன்னு அப்பா வீட்டு அத்தை சொன்னாங்க" என்றாள். "நான் அதைத்தான் நினைச்சிட்டிருந்தேன், சித்தி. எப்பவும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா? அப்புறம் நான் எங்க போவேன்?"

கிளம்பும் நாளில் கணவர் காரை ஓட்டினார். சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே வர, அவள் வேனில் பின்னாலேயே வந்தாள். மூத்தவள் அவளோடு ஏறிக்கொண்டாள். நாலு சைக்கிளும் முன்னால் ஆடாமல் போயின.

"அன்னைக்கு அவங்க ஏன் நிக்கலை சித்தி?"

"நின்னா பதில் சொல்லணுமே. சத்தம் கேட்காமலா இருந்திருக்கும்? தெரிஞ்சேதான் போனாங்க." அதை அவள் தயங்காமல் சொன்னாள்.

ஏரிக்கரையில் கணவர், பிள்ளைகளோடு போட்டி போடுகிறேன் பேர்வழி என்று சைக்கிளோடு விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். அதனால் திரும்பும்போது வேனை அங்கேயே விட்டுவிட்டு அவள்தான் பெரிய காரை ஓட்ட வேண்டியதாயிற்று.

ஓட்டுநர் கண்ணாடி முழுக்க முதல் சைக்கிளின் கைப்பிடியும் சக்கரமும். அதற்குப் பின்னால் இருந்தவை தெரியவே இல்லை. உள்ளே பிள்ளைகளின் கூச்சல், ஜன்னல் வழியாகக் காற்று, கணவரின் முனகல்.

"சித்தி, நிறுத்துங்க! என்னமோ விழுந்துச்சு!" என்று மூத்தவள் கத்தினாள்.

அவள் காதில் எதுவுமே விழுந்திருக்கவில்லை. ஓரம் கட்டி, ஓடிப்போய்ப் பார்த்தாள். நாலும் இருந்தன. உள்ளே பைகளுக்கு நடுவே ஒரு தண்ணீர்ப் பாட்டில் உருண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவள் ரோட்டோரம் அப்படியே நின்றுவிட்டாள். கடைசிச் சைக்கிளைத் தொட்டாள். இது போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்கு முன்னால் போனவர்களுக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம். இன்றைக்கும் தெரியாமல் எங்கோ இருக்கலாம். யாரோ திருடிவிட்டார்கள் என்று அந்தச் சின்னப் பெண்ணைத் தேற்றியிருக்கலாம். இத்தனை காலம் இறுகப் பிடித்திருந்த கோபத்தைக் கீழே போடவும் முடியவில்லை, யார்மேல் வைப்பது என்றும் புரியவில்லை. லாரி ஒன்று காற்றை வாரி அடித்துக்கொண்டு கடந்தது.

"ஏறுங்க சித்தி" என்றாள் மூத்தவள். "நான் பின்னாடி பார்த்துக்கிட்டே வர்றேன். நீங்க ஓட்டுங்க."

அவள் கடைசிச் சீட்டில் மண்டியிட்டு, பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வீடு வரும்வரை ஓட்டுநர் கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. பின்கழுத்தும், அங்கே சுருண்டு கிடந்த கொஞ்சம் முடியும்தான் தெரிந்தன. அச்சு அசல் அக்காவின் கழுத்து. பார்க்காதே, ரோட்டைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே அவள் ஓட்டினாள்.