இடைவேளையில் பால் கொடுத்த கோல்கீப்பர்

ஆட்டத்தின் நடுவில் பிள்ளை அழுதால் கோல்கீப்பர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? ஒரு முழு சீசன் ஆடி முடித்துவிட்டேன். இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மகளுக்குப் பதினொரு மாதம் ஆனபோது, பாதியில் விட்ட முதுகலைப் படிப்பில் மறுபடி சேர்ந்தேன். சேர்ந்த வாரமே உடற்கல்வி ஆசிரியை என்னைத் தேடி வகுப்புக்கு வந்தார். பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பர் இல்லை. பிரசவத்துக்கு முன்பு அந்த இடத்தில் நின்றவள் நான்தான்.

"யோசிச்சுச் சொல்றேங்க மேடம்" என்றேன். அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் பழைய கையுறைகளைத் தேடி எடுத்து வெயிலில் துணிக்கொடியில் போட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த கணவர் கொடியைப் பார்த்தார்.

"கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாச்சாட்ட இருக்குது."

"இல்லீங்க, சும்மா காயப் போட்டேன்."

"சரி, நல்லாக் காயட்டும்" என்றார்.

ஆட்டம் இருக்கும் நாட்களில் அவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு மகளைத் தூக்கிக்கொண்டு வருவார். இடைவேளையில் அந்தந்த மைதானத்தில் வலையும் பந்துகளும் போட்டு வைக்கும் அறையில் உட்கார்ந்து பால் கொடுப்பேன். வியர்வையோடு கொடுக்கலாமா, குளிர்காற்று பட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமா என்று தினமும் ஒரு கவலை. செவிலியரிடம் கேட்டேன். ஒன்றும் ஆகாது என்றார். பிறகு இன்னொரு செவிலியரிடமும் கேட்டேன். ஆனால் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிற்கும்போது மட்டும் எனக்குச் சந்தேகமே வருவதில்லை. பந்து எங்கே வரும் என்று உடம்புக்கே தெரிகிறது. முதல் மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் விட்டேன்.

அரையிறுதி ஊட்டியில். இடைவேளையில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். மகளுக்குப் பல் முளைக்கும் நேரம். குடிப்பாள், விடுவாள், சிணுங்குவாள். வெளியே மேகம் இறங்கி மைதானத்தையே மூடிவிட்டது. விசில் கேட்டதும் பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய்க் கம்பத்தருகே நின்றேன். மேகம் இறங்கினால் கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரர்களின் எண்ணைக் கூப்பிடுவதும், அவர்கள் குரல் கொடுப்பதும் எங்கள் வழக்கம்.

"நாலு!" என்று கத்தினேன். பதில் இல்லை. "அஞ்சு!"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் நிதானமாகக் கேட்டது. "அக்கா, யாரைத் தேடறீங்க? இது எங்க போஸ்ட்டுங்க."

திரும்பினால் எதிரணிக் கோல்கீப்பர். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும் என்பது ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும். அன்று மறந்துபோனேன். ரெஃப்ரி கணக்கில் நானும் மைதானத்துக்குள்தான் இருந்தேன், எதிர்ப்பக்கத்தில். முழு மைதானத்தையும் ஓடிக் கடப்பதற்குள் அவர்களுடைய ஆரவாரம் கேட்டுவிட்டது.

எங்கள் கேப்டன் பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளியின் மகள். எனக்கு எதிரே வந்து நின்றாள்.

"என்னக்கா, சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா?"

கையுறையை இறுக்கி மாட்டிக்கொண்டேன். "இனி ஒண்ணும் உள்ள போகாது" என்றேன். போகவில்லை. கடைசி நிமிடங்களில் அவளே ஒரு கோல் போட்டாள். வென்றோம்.

பஸ்ஸில் வரும்போது, இறுதி ஆட்டத்துக்கு நிற்கப்போவதில்லை என்று கணவரிடம் சொன்னேன்.

"பாப்பாவால ஒரு கோல் போச்சு, சரி. பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி நீ விட்டதெல்லாம் யாரால? நானும் கேலரில உக்காந்து பாத்தவன்தான்."

மறுநாள் ஆசிரியையிடமும் அதையே சொன்னேன். பக்கத்தில் நின்ற கேப்டன், "மேடம், அக்கா ஏன் தனியா ஓடி வரணும்? நாம பாப்பா பால் குடிக்கிற ரூமுக்கே போயிடலாமே" என்றாள்.

இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் அணி முழுவதும் அந்தச் சின்ன அறைக்குள் வந்து உட்கார்ந்தது. ஆசிரியை ஆரஞ்சுத் தோல்களைத் தரையில் அடுக்கி யார் எங்கே நிற்க வேண்டும் என்று விளக்கினார். மகள் குடிப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு முகமாக வேடிக்கை பார்த்தாள். "குடி பாப்பா, ரெஃப்ரி திட்டுவாரு" என்றாள் ஒருத்தி. விசில் அடித்ததும் கேப்டன் என் கையைப் பிடித்துக் கம்பம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். மேகமே இல்லாத நல்ல வெயில்.

"இதுதாங்க்கா நம்ம போஸ்ட். நல்லாப் பாத்துக்குங்க."

இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. பெனால்டியில் இரண்டைத் தடுத்தேன். கோப்பை எங்களுக்கு.

இப்போது பல்கலைக்கழக அணித் தேர்வு முகாமுக்கு என் பெயர் வந்திருக்கிறது. கீழே சமவெளியில் பத்து நாள். மகளுக்குப் பதினான்கு மாதம், இன்னும் பால் குடிக்கிறாள். முகாம் விடுதிக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கலாம் என்கிறார் கணவர். வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடி என்கிறார்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள். இந்தக் குளிரிலேயே வளர்ந்தவள் அந்த வெயிலைத் தாங்குவாளா என்றும் பார்க்கிறேன், பத்து நாள் என்னைக் காணாமல் இருப்பாளா என்றும் பார்க்கிறேன். நான் போகப் போகிறேன் என்பது முடிவாகிவிட்டது. கூட்டிக்கொண்டு போவதா, பால் மறக்கடித்து விட்டுவிட்டுப் போவதா என்பதுதான் தெரியவில்லை. இந்த வயதுப் பிள்ளையோடு இப்படி ஒரு முடிவை எடுத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு பிள்ளை எப்படி இருந்தது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.